தொகுதியில் இருந்த மாதா

தொண்ணூற்றி நாலில் பாளையங்கோட்டை பங்களா ஏலத்தில் சிவசங்கரன் எடுத்த தடித்த புத்தகத் தொகுதிகள் முழுக்க, பழைய இத்தாலிய ஓவியங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படங்கள். பக்கத்துக்குப் பக்கம் மாதாவும் குழந்தையும். அவன் ஆபீஸ் போனதும், பிள்ளையில்லாத அவன் மனைவி விஜயஸ்ரீ படத்தை மூடியிருக்கும் மெல்லிய தாளை விலக்கி ஒரே படத்தை வெறித்துக்கொண்டிருப்பாள். பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

"இவளுக்கு மட்டும் மடி கொள்ளாத பிள்ளை!"

ஆடி வெள்ளியன்று அந்தக் குழந்தையின் கன்னத்தில், நேற்றுவரை இல்லாத கறுப்புப் பொட்டு இருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள், போகவில்லை.

சாயங்காலம் கணவனிடம் காட்டினாள். "இதுக்குத் திருஷ்டிப்பொட்டு வச்சது யாரு?"

"ஏளா, வெள்ளைக்காரன் ஊர்ல ஏது திருஷ்டிப்பொட்டு? அச்சடிக்கையில மை தெறிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் காப்பி கேட்டான்.

விஜயஸ்ரீ எழுந்திருக்கவில்லை. குழந்தையை அணைத்திருந்த மாதாவின் ஆள்காட்டி விரல் நுனியும் கறுத்திருந்தது.