இன்னொரு ஜோடி

கணவரோடு போக ஆசைப்பட்டிருந்த புத்தர் கோயிலுக்கு, அவர் இறந்த மறுவருடம் தையல்காரி தனியாகப் போனாள். போதி மரத்தடியில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு வெளியே வந்தாள்.

செருப்பு பார்த்துக்கொள்பவர் இரண்டு ஜோடிகளை எடுத்து வைத்தார்.

“இது என்னோடது இல்லீங்க.”

“உங்க வீட்டுக்காரரோடதும்மா. உங்க பின்னாடியேதான் வந்தாரு. நீங்க வந்தா உக்காரச் சொன்னாரு. மரத்தை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுறாராம்.”

குனிந்து பார்த்தாள். இடது வாரில் நீல நூல் தையல், அவளே போட்டது. அவர் போன அன்று மருத்துவமனையில் காணாமல்போன செருப்பு. மேலே உள்ளங்கையை வைத்தாள். கால்சூடு இன்னும் ஆறவில்லை.

ஊர் திரும்பும் பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. அவள் படியில் உட்கார்ந்து, அவர் வந்ததும் மாட்டிக்கொள்ள வசதியாக, அந்தச் செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.