இரண்டாவது பாக்கு

பம்பைச் சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்டதும் தறியை நிறுத்தினேன். தறிக்குழியிலிருந்து எழவில்லை. எழுந்தால் வாசலுக்குத் தெரிவேன்.

ஆடிக் கூழுக்குத் தெருவில் பாக்கு வைத்துக்கொண்டு வருகிறார்கள். தலைக்கட்டுக்கு ஒரு கொட்டைப்பாக்கு. கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளையும் ஒரு தலைக்கட்டு. பாக்கு வந்தால்தான் அந்த வீடு தெருவோடு சேர்த்தி. நல்லது கெட்டதுக்கு ஆள் வரும்.

நான் கமுகு மரத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வெயில் தாங்காதாம், பெரிய மரங்களின் நிழலில்தான் வளருமாம். என் வீட்டுக்காரர் குமரேசன் சொன்னது. எங்கோ நிழலில் காய்த்த கொட்டை, எங்களை வெயிலில் நிறுத்தி மூன்று வருஷமாகிறது.

காரணம் நான்தான். பெரணமல்லூர்க் காலனி சுப்பன் மகள், இந்தத் தெருப் பையனைக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து மாமியார் உண்ணாமலை என்னோடு பேசுவதில்லை. சோற்றுத் தட்டை நகர்த்தி வைப்பதோடு சரி.

இந்த வருஷம் பாக்கு வரும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். எத்தனை என்று சொல்லவில்லை.

ஒன்று மாமனாருக்கு. இன்னொன்று வந்தால் குமரேசனுக்கு. அதாவது எனக்கு.

ஒன்றோடு நின்றால், என் கல்யாணம் நடக்கவேயில்லை என்று அர்த்தம்.

குமரேசன் தாங்கமாட்டாமல் தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் போய் நின்றுகொண்டார். பெரிய வீரர்! மாமனார் சுவரோடு சுவராக நின்றார்.

பம்பை எங்கள் வாசலில் ஓய்ந்தது. நாட்டாண்மை பாலு செருமினார். மாமியாரின் கூடப்பிறந்த அண்ணன். மூன்று வருஷமாக இந்தப் படி ஏறாதவர். மாமியார் தாம்பாளத்தை நீட்டினார்.

டக்.

இன்னொரு டக்குக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

பாவி மனுஷா, இன்னொன்று போட்டால் உன் பை காலியாகிவிடுமா என்று வாய்வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன். மாமியார் மூன்று வருஷமாக ஏங்கியது இந்த ஒன்றுக்குத்தானே. வாங்கிக்கொள்ளட்டும்.

"எங்க வூட்ல ரெண்டு தலைக்கட்டுண்ணா."



"அது எப்படி நம்ம கணக்குல வரும்? பேஜார் பண்ணாத உண்ணாமல, வாங்கிக்கோ."

"அப்ப இதையும் எடுத்துகினு போங்க."

தாம்பாளத்தில் கொட்டை உருண்டது, திரும்பப் பைக்குள் விழுந்தது. பிறகு பம்பை அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

மாமியார் உள்ளே வந்து தறிக்குழி ஓரம் உட்கார்ந்தார். சுருக்குப்பையைத் துழாவி ஒரு கொட்டைப்பாக்கை எடுத்தார். கறுத்து, கல்லாய் இறுகியிருந்தது. எனக்கு அதைத் தெரியும். தினம் பத்துத் தடவை வெற்றிலை போடுகிறவர், அதை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொள்வார். நான் வருவதற்கு முந்தின ஆடியில் இந்த வீட்டுக்கு வந்த கடைசிப் பாக்கு.

பாக்குவெட்டியில் வைத்து அழுத்தினார். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவதில் பிளந்தது.

ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு மற்றதை என்னிடம் நீட்டினார்.

"இந்தா நிலா."

எனக்குப் பழக்கமில்லை. நெஞ்சை அடைத்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாக்கினால்தான் என்றேன்.

தனக்கும் அதனால்தான் என்றார், நாற்பது வருஷமாகப் பாக்குப் போடுகிறவர்.