கந்தூரிக்கு பேண்டு எதற்கு?

"இந்தக் காலத்துல மழை பெய்யுதான்னு எவனும் வானத்தைப் பார்க்கிறதில்ல, பேப்பரைத்தான் பார்க்கிறானுங்க," என்று சூலியா தெரு டீக்கடையில் அலுத்துக்கொண்டார் படகோட்டிகளின் தலைவரான தண்டல் மீராசா.

எதிரே பத்திரிகைக் கட்டுரையாளர் ஷேக் தாவூது. தர்கா கந்தூரி விழா மேடையில் பேச அவருக்கு ஆசை. அதற்கு விழாத் தலைவர் மீராசா சம்மதிக்க வேண்டும்.

"முதல்ல பேப்பர்ல நீ எழுதினதை வாசி, தம்பி. எனக்குப் படிப்பு வராது."

தாவூது வாசித்தார். "கந்தூரிக்கு வெள்ளைக்காரன் பேண்டு வாத்தியம் எதற்கு? நம்முடைய தப்ஸ் மேளம் போதாதா? இது கொடி ஊர்வலமா, கவர்னர் வரவேற்பா?"

"கிறுக்குத்தனமா இருக்கே. பேண்டு இல்லாட்டி எவன் வருவான்? இப்படிப் பேசுறவனை மேடை ஏத்த முடியாது லா."

கடைக்காரர் காதர் சிரிப்பை அடக்க, ஆற்றிய டீயையே மறுபடி ஆற்றினார்.

"நானா, இது போன வெள்ளிக்கிழமை இதே பெஞ்சுல நீங்க சொன்னது. ஒரு வார்த்தை மாத்தல. காதர் அண்ணன் சாட்சி."

காதர் தலையாட்டினார். மீராசா டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

"நான் சொன்னேன்தான்."

"அப்ப மேடை?"

"நான் சொன்னப்ப அது நெசம். நீ அச்சடிச்சதும் பொய்யாயிடுச்சு. பொய் எழுதுறவனுக்கு மேடை கிடையாது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தார் மீராசா.