யாரோ எழுதிய ஒன்பது வரிகள்

அந்தத் தரவுத்தள மென்பொருள் முன்பெல்லாம் தமிழ்ப் பெயர்களை அகரவரிசையில் அடுக்காது. அதைச் சரிசெய்ய ஒன்பது வரி எழுதித்தான், பதினாறு ஆண்டுகளுக்கு முன் யாழரசி அதன் தன்னார்வலர் குழுவில் சேர்ந்தாள். முகமறியாத ஒருவர் நான்கு முறை பிழை சொல்லித் திருப்பியனுப்பினார். ஐந்தாம் முறை, "சேர்த்துவிட்டோம், நன்றி" என்று பதில் வந்தபோது கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து அழுதாள்.

இன்று, குழுவுக்குப் புதியவளான ரெஜினா போனில் கேட்டாள்.

"அக்கா, இந்த ஒன்பது வரி இனிமே வேண்டாம். யாரோ எப்பவோ எழுதினது. எடுத்துடலாமா?"

அவற்றுக்குப் பதிலாக ரெஜினா எழுதி அனுப்பியிருந்தது இன்னும் வேகமாக ஓடியது. யாழரசி காலையிலேயே மூன்று தடவை சோதித்தும் ஒரு குறை அகப்படவில்லை. பழைய வரிகளை மெல்ல வாய்விட்டுப் படித்தாள்.

"என்னக்கா, ஏதாவது தப்பா?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லி ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள்.