மெமரி ஏறிய பெட்டி

தங்கராசுவுக்குக் கீபோர்டில் ச எது, ரி எது என்று தெரியாது. விலை மட்டும் தெரியும். அரியலூர் மண்டபத்தில் வரவேற்புக் கச்சேரி முடிந்து, பாட்டுக்குழு மொத்தமும் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்தபோது, மேடையில் தனியாகக் கிடந்த கீபோர்டை உறையோடு தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். அது புதன்கிழமை. அரியலூரிலேயே விற்றால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிகிற அளவுக்குப் புத்தி இருந்ததால், வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் பெரம்பலூருக்கு வந்தான்.

இரண்டு கவலைகள் இருந்தன. எத்தனை முறை ஸ்விட்சைப் போட்டாலும் பெட்டி கண் திறக்கவில்லை. அடியில் வேறு, வெள்ளை பெயின்ட்டில் 'நல்லதம்பி, வாலிகண்டபுரம்' என்று எழுதியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பெயரை மாற்ற முடியாவிட்டால் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று, அன்றைக்கு ஒரு நாள் தங்கராசு நல்லதம்பி ஆகிவிட்டான்.

'அனஸ் மியூசிக்கல்ஸ்' கடைக்குள் அவன் நுழைந்தபோது மத்தியானம் ஒரு மணி. தெருவில் பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கியிருந்தது. கூட்டமில்லாத நேரம், நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டான். கல்லாவில் தாடி வைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"பாய், ஒரு கீபோர்டு விக்கணுங்க."

உறையைப் பிரித்ததும் பாயின் முகம் மாறியது. விரலால் பெட்டியின் ஓரத்தை மெல்லத் தடவியதுகூடத் தங்கராசுவின் கண்ணுக்குத் தப்பவில்லை. சரக்கைப் பார்த்த வியாபாரியின் ஆசை!

"உங்க பேருங்க?"

"நல்லதம்பி. வாலிகண்டபுரம். இருவது வருசமா கச்சேரிதான் தொழிலு. சம்சாரத்துக்கு ஆபரேசன், அதான் விக்கிறேன்."

"நல்ல பேருங்க" என்றார் பாய்.

"என்னான்னு தெரியல, ரெண்டு நாளா ஆன் ஆவ மாட்டேங்குது."

பாய் ஒயரைச் செருகினார். பின்னை லேசாகச் சாய்த்துப் பிடித்து, இடது ஓரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். விளக்கு எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வாசித்தார். தங்கராசுவுக்கே மனசு இளகிவிட்டது. இவரல்லவா தொழில்காரர் என்று வியந்தான்.

"இருவதாயிரம் தரலாங்க. மெமரி பத்தாது."

"மெமரிக்கு என்னா பாய் கொறச்சல்? எனக்கு அம்புட்டுப் பாட்டும் மனப்பாடம்!"

பாய் சிரிக்கவில்லை. "உங்களுக்கு இல்லீங்க, பெட்டிக்கு. நாதஸ்வரம், உறுமி, பம்பைன்னு புதுச் சத்தம் ஏத்த உள்ள எடம் வேணும். காதுகுத்துக்குப் போனாக்கூட இப்ப உறுமிச் சத்தம் கேக்குறாங்க. மெமரி ஏத்துன பெட்டின்னா அம்பத்தஞ்சாயிரம் போவும். திருமழபாடியில ஒரு பார்ட்டி இன்னிக்கே வாங்கிக்க ரெடியா இருக்காரு."

"மெமரி ஏத்த எம்புட்டு ஆவும்?"

"பதினாலாயிரத்து ஐந்நூறு." விலைப் பட்டியலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"அதுல கழிச்சுக்கங்களேன்."

"முழுக் காசும் கைக்கு வராம போர்டைப் பிரிக்க முடியாதுங்க. பிரிச்சுட்டா கம்பெனிக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்."

கண்ணாடி அலமாரியில் அந்த மெமரி போர்டு இருந்தது. அட்டைப் பெட்டி உள்ளங்கை அகலம்கூட இல்லை. இதற்கா பதினாலாயிரத்து ஐந்நூறு? பகல் கொள்ளை என்று தங்கராசுவுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் மனக்கணக்கு போட்டுப் பார்த்தான். செலவு போக நாற்பதாயிரத்து ஐந்நூறு நிற்கும்! அதற்கும் மேலே, இந்த ஆள் கீபோர்டு வாங்கிய பில்லைக் கேட்கவே இல்லை. திருட்டுச் சரக்கு என்று தெரிந்தே வாங்குகிற பார்ட்டிதான், சந்தேகமில்லை. பழைய பைக் வாங்க இடுப்பில் முடிந்து வைத்திருந்த சீட்டுப் பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தான்.

"ரசீது குடுங்க பாய். காலம் கெட்டுக் கெடக்கு, யாரையும் நம்ப முடியல."

"வாஸ்தவங்க" என்று எழுதிக் கொடுத்தார் பாய். "அஞ்சு மணிக்கு வாங்க."

தங்கராசு பிரியாணி சாப்பிட்டு, பஸ் ஸ்டாண்டு வேப்ப மரத்தடியில் சுகமாக ஒரு தூக்கம் போட்டு, அஞ்சு மணிக்குத் திரும்பினான். தெருமுனையிலேயே உறுமிச் சத்தம் கேட்டது. கடைக்குள் பாய்தான் நின்றுகொண்டு கீபோர்டில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். முடியை ஒட்ட வெட்டிய இரண்டு பேர் தபேலா பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் வெள்ளைத் தொப்பியோடு புதிதாக ஒருவர்.

"பாய், திருமழபாடி பார்ட்டி வந்தாச்சா?" என்று கீபோர்டுக்காரரிடம் கேட்டான் தங்கராசு.

பதில் கல்லாவிலிருந்து வந்தது. "பாய் நாந்தாங்க, கவுஸ். இது என் கடை. பொருளு ஒண்ணு காணோம்னு சொல்ல வந்த இந்தத் தம்பியை ஒக்கார வெச்சுட்டு ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தேன்."

தபேலா பார்த்த இருவரும் ஆளுக்கொரு பக்கம் தங்கராசுவின் தோளில் கை போட்டார்கள். அந்த நிலைமையிலும் அவனுக்குப் பணம்தான் ஞாபகம் வந்தது. சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினான். "அப்ப என் பதினாலாயிரத்து ஐந்நூறு? ரசீது இருக்கு, பாருங்க சார்!"

கீபோர்டுக்காரர் வாசிப்பதை நிறுத்தி, ரசீதை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் சரியாத்தாங்க இருக்கு. நல்லதம்பி, வாலிகண்டபுரம், மெமரிக்கு முழுப் பணமும் கட்டியாச்சு" என்று சொல்லி, மூன்று வருடமாக அந்த அலமாரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த நல்லதம்பி, ரசீதை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.