ஒரு முறைக்கு ஒருவர்

மேளக்காரன் வேடத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றார் கொழுந்தன்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நடுவில் என் கணவரின் பழைய பெட்டி. உள்ளே பகடைகள், விரல் உயரப் பொம்மைகள், மூலை மடங்கிய விதிப்புத்தகம்.

ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, குகைக்குள் போய், பகடை உருட்டிப் பூதத்தோடு மல்லுக்கட்டும் ஆட்டம். கணவரும், அவர் தம்பியான கொழுந்தனும், தாடி என்று நாங்கள் கூப்பிடும் அவருடைய அலுவலக நண்பரும் சனிக்கிழமைதோறும் ஆடுவார்கள். தாடிதான் கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவர். கணவர் விபத்தில் போன பிறகு பெட்டியைத் திறக்க ஆளில்லை. வீட்டு ஆட்களை வைத்து ஒரு தடவை ஆடிப் பார்க்கலாம் என்று தாடி பிடிவாதமாக வந்து நின்றார்.

நான் சரி என்றேன். இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்கிறேன். பல் பிடுங்கப் போட்ட ஊசி இன்னும் இறங்காத மாதிரி இருக்கிறது, உடம்பு முழுக்க.

கொழுந்தன் வந்ததே பெரிய காரியம். விபத்துக்குப் பிறகு அவர் இந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆம்புலன்சில் போகிற வேலையையும் விட்டுவிட்டு, அதே ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து, உதவி கேட்டு வருகிற போனை எடுக்கிறார். என் மகளுக்குச் சித்தப்பா என்றால் உயிர். இன்றைக்கும் பாதியில் எழுந்து போய்விட்டால் அவர் இனி வரவே மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் மூன்று பேர் வேடம் எடுத்தாகிவிட்டது. மாமனார் கோடரி வீரர். சட்டைப் பொத்தானைப் போடவே மூச்சு வாங்குகிற மனிதர், கோடரி இல்லாவிட்டால் ஆட்டத்துக்கே வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மகள் திருடி. குட்டையானவள், பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரி. எனக்கு மந்திரவாதி என்று ஒரு தாளைத் தள்ளினார்கள். என்ன மந்திரம் என்று கேட்டேன். நெருப்பு என்றார்கள். நான் அடுப்படியில் பார்க்காத நெருப்பா.

இப்படி ஒன்றும் தெரியாதவர்கள் சேர்ந்த கூட்டத்தில், ஆடித் தேர்ந்தவர் முன்னால் போய் நிற்கக் கூடாதாம். பின்னால் இருந்து தாங்கிப் பிடிக்கிற வேடமாக எடுக்க வேண்டுமாம். அதிகம் தாங்கினால் புதியவர்கள் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். தாங்காமல் விட்டால் முதல் சண்டையிலேயே மூட்டை கட்டிவிடுவார்கள். எல்லாம் அளவாக இருக்க வேண்டும்.

அதற்கு மேளக்காரன்தான் பொருத்தம் என்றார் கொழுந்தன். அவன் அடிக்க அடிக்க மற்றவர்கள் கை ஓங்குமாம்.

"இவங்க சாகக் கிடக்கும்போது மேளமாடா அடிப்பே?" என்றார் தாடி.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சரி, கேடயக்காரன் என்றார் கொழுந்தன். அடியெல்லாம் நீயே வாங்கிக்கொண்டால் இவர்கள் எப்போது பழகுவது என்று தாடி கேட்டார். கொழுந்தன் மறுபடி புத்தகத்தைப் புரட்டினார். வழிகாட்டி என்றார், வேட்டைநாய் வளர்ப்பவன் என்றார். ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருந்தார். காரணங்களும் நியாயமாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் அடுத்ததோடு சேர்த்துத் தள்ளிவிட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது வைத்தியரின் பக்கம்.

"சித்தப்பா, நீங்க வைத்தியரா இருங்க. அது உங்களுக்குத்தானே தெரியும்," என்றாள் மகள். இடது காலைப் பக்கத்து நாற்காலியில் நீட்டி வைத்திருந்தாள். முட்டி இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

தாடிக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஒரு கையில் சின்னக் கேடயம், ஒரு கையில் மருந்துப் பை. அளவாகத் தாங்குவார். விழுந்தவரைத் தூக்கி நிறுத்த அவரால் மட்டும்தான் முடியும். அதுவும் ஒரு முறைக்கு ஒருவரைத்தான். இன்னொருவர் விழுந்து கிடந்தால், வைத்தியரின் அடுத்த முறை வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். முடியாவிட்டால் போச்சு.

"ரெண்டு பேர் ஒண்ணா விழுந்துட்டா?"

மகள் விதி தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தாடி பகடையைத் தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார். கொழுந்தன் பென்சிலை வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்தும்விட்டார்.

எனக்குள் எதுவும் அசையவில்லை. வாய் மட்டும் பேசியது.

"சின்னவளை முதல்ல தூக்குங்க, தம்பி. பெரியவங்க காத்திருப்பாங்க."

மாமனார் கோடரி வீரனின் பொம்மையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா," என்றார்.

கொழுந்தன் நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்தார். பிறகு உட்கார்ந்தார். தாளை இழுத்து, மேலே வைத்தியர் என்று எழுதினார். மகள் எட்டிப் பார்த்து, எழுத்து கோணல் என்றாள்.

அவளுக்கு விபத்து நடந்த அந்தச் சாயங்காலம் எதுவும் நினைவில்லை. நானும் கொழுந்தனும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சாலையோரம் கிடந்தவர்கள் என் கணவரும் மகளும். முதலில் வந்து சேர்ந்தது கொழுந்தனின் ஆம்புலன்ஸ். அதில் படுக்கை ஒன்றுதான்.