பழைய சிப்புக்கு

“இன்னும் எவ்ளோ நேரம் என் புள்ளைய அழிச்சிக்கினே இருப்ப?”

பக்தவத்சலம் போட்ட சத்தத்தில், சமையலறையில் பார்வதம் கரண்டியைக் கீழே போட்டாள். மருமகள் தீபிகா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லோகேஷின் லேப்டாப் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தன.

மூன்று நாளாக இதேதான். வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனும் அந்த லேப்டாப்பைப் பார்த்துத்தான் சுழன்றது. சூடேறி நின்றுவிடக் கூடாதாம். பக்தவத்சலம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கொரட்டூர் வெயில் அவருக்கு மட்டும் இல்லையா?

மகன் லோகேஷ் இறந்துபோய் ஐந்து மாதம் ஆகிறது. லேப்டாப்பை இயக்கும் லினக்ஸை, எல்லாரையும்போல் அவன் ஆயத்தமாக எடுத்துப் போடவில்லை. தன் லேப்டாப்பின் சிப்புக்கு அளவெடுத்து, ஒவ்வொரு புரோகிராமையும் தானே கட்டினான். மிக்சர் தின்ற கையோடு அதைத் தொடும் அப்பாவுக்காக, ஆன் செய்ததும் ஒரு வரி வரும்படி வைத்திருந்தான்: ‘நைனா, மொதல்ல கை கழுவு.’

“அவன் எழுதி வெச்ச சிப்பு பேரை அழிச்சிட்டு நீ வேற பேரு போட்டத நான் பார்த்தேன். இல்லன்னு சொல்லு பாக்கலாம்.”

“போட்டேன் மாமா. எல்லாமே இந்தச் சிப்புக்குன்னு அவரு கட்டினது. இப்போ இதைவிடப் பழைய சிப்புக்குத் தக்கபடி மறுபடியும் கட்டுறேன். எழுநூத்துச் சொச்சத்துல இன்னும் ஒன்பதுதான் பாக்கி.”

“பழசுக்கா?” ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் லேத்தில் நின்றவர் அவர். “பெரிய ஷாஃப்டுக்குக் கடைஞ்சு வெச்சதை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, சின்ன ஷாஃப்டுக்குக் கடையறவளை இப்பதான் பாக்கறேன். அவன் ராவும் பகலும் குந்திகினு பண்ணத இன்னாத்துக்கு மட்டம் பண்ற?”

“முடியட்டும் மாமா. ஓடுச்சுன்னா சொல்றேன். ஓடலைன்னா சொல்லி என்ன ஆகப்போவுது?”

“நீ இன்னாத்த சொல்றது? நாலு மணிக்கு உங்க அண்ணன் வண்டி எடுத்துகினு வரான். நீ பூந்தமல்லி போயிடுவ, பொட்டியும் போயிடும். எனக்கு இன்னா மிச்சம்? சொவத்துல மாட்டி வெச்ச போட்டோவா?”

“லேப்டாப் இருந்தாத்தான் அங்க பாத்து வெச்சிருக்கிற வேலையைக் குடுப்பாங்க மாமா.”

“அதுக்கு என்னோடதையும் சேத்துக்கினு போறியா? நாலு நாளு மின்னாடி அதைக் கவுத்துப் போட்டு, அடியில கீற ஸ்டிக்கரைப் பார்த்து எழுதிகினு இருந்தியே! விலை விசாரிக்கவா?”

அவருடைய அந்தப் பழைய லேப்டாப், லோகேஷ் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. பிறகு, செய்தி பார்க்கட்டும் என்று அப்பாவுக்குக் கொடுத்திருந்தான். தீபிகா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பார்வதம் வந்துவிட்டாள்.

“ஊடே அதிருது. அதான் கெளம்பறாளே, போற பொண்ணை எதுக்குய்யா கரிச்சிக் கொட்டற?”

“நீ சும்மா கெட!”

செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். வணக்கம் வைத்த இஸ்திரிக்காரரைக்கூட முறைத்தார். நடக்க நடக்கக் கோபம் கூடியதே தவிர குறையவில்லை.

ஒரு ஞாயிறு முழுக்க லோகேஷ் இதே வெள்ளை எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ‘ஓடற வண்டிக்கு எதுக்குடா எஞ்சின் மாத்தற?’ என்று இவர் திட்டினார். ‘முடியட்டும் நைனா, சொல்றேன்’ என்று அவனும் இப்படித்தான் சொன்னான். அது இப்போது ஞாபகம் வந்ததற்காக, அவர்மேலேயே அவருக்கு எரிச்சலாக வந்தது.

அவர் திரும்பியபோது வாசலில் வேன் நின்றது. தீபிகாவின் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். கூடத்தில் டேபிள் ஃபேன் இப்போது அவருடைய நாற்காலியைப் பார்த்துச் சுழன்றது. மூலை மேசையில் அவருடைய லேப்டாப் மூடிக் கிடந்தது, அதன்மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

தீபிகா பையை மாட்டிக்கொண்டு நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

“பையைக் கழட்டு,” என்றார் பக்தவத்சலம். “என் புள்ள இதுலதான் கீறான். அவனைத் தூக்கிகினு போக உட மாட்டேன்.”

அவள் பையைக் கழற்றி அவரிடமே கொடுத்தாள். அவர் லேப்டாப்பை வெடுக்கென்று உருவி மடியில் வைத்தார். அது முன்பைவிடக் கொஞ்சம் லேசாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஆன் செய்துவிட்டு, அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தார்.

வரவில்லை. எல்லாம் பதிந்திருக்கும் டிஸ்க் உள்ளே இல்லை என்று ஆங்கிலத்தில் ஏதோ வந்து நின்றது.

“தொடச்சிட்டியேடி! மொத்தமா தொடச்சி எடுத்துட்டியே!”

ஓங்கிய அவர் கையைப் பார்வதம் ஓடிவந்து பிடித்தாள். தீபிகா அவர் மடியிலிருந்த லேப்டாப்பை மெதுவாக எடுத்து, பையில் வைத்து மூடினாள். பிறகு மூலை மேசையைக் காட்டினாள்.

“மொதல்ல கை கழுவிட்டு வந்து, உங்க லேப்டாப்பைத் திறங்க மாமா.”